அறுபத்து நான்காம் ஒலி

"ஐயோ, நிறுத்து!" என்று டைட்டஸ் கத்திக்கொண்டே உள்ளே ஓடி வந்தபோது கீபோர்டின் சின்னத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

ஒன்று. இரண்டு. மூன்று.

"பாதியில நிறுத்தினா மொத்தமும் பாழாப் போயிடும் சேட்டா. வாசிக்கத் தெரிஞ்சா போதுமா, இதெல்லாம் தெரிய வேண்டாமா?" என்றாள் ரோஸிலி. கணினியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

திருச்சூரில் வறீதேட்டனின் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அந்தக் கீபோர்டு கானமேளாக் கச்சேரிக்குப் போகும். டைட்டஸ்தான் வாசிப்பான். சனிக்கிழமை காலை அது திரும்பி வந்ததும், ஸ்டூடியோவின் அறுபத்து நான்கு ஒலிகளையும் பிளாப்பியிலிருந்து மறுபடி ஏற்றுவாள். ஏற்றினால், உள்ளே இருந்ததெல்லாம் சுத்தமாக அழிந்துவிடும். டீக்கடைச் சீட்டைக்கூட எடுத்து வைக்கிற பெண்; இந்த அழிக்கிற வேலையும் அவளுடையதுதான்.

இரண்டு வருடமாக வாராவாரம் இதைப் பார்க்கிறவன். நேற்று மட்டும் மறந்து தொலைத்தான், மண்டு!

கடைசி ஒலி ஆர்கன். நேற்று அதன் பெயரை அழித்துவிட்டு, ஆங்கில எழுத்துகளில் 'கட்டிக்கட்டுமா' என்று அடித்து வைத்திருந்தான். பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம். ஓர் எழுத்தை விழுங்கினான், கேள்விக்குறியைக் கைவிட்டான், ஒருவழியாக அடக்கிவிட்டான். இன்றைய மாதா பாட்டுக்கு ஆர்கன்தான். அவள் ஒலியைச் சரிபார்க்கும்போது கண்ணில் படும் என்பது கணக்கு.

ஐயாயிரம் பேர் முன்னால் கூசாமல் வாசிக்கிறவனுக்கு, அவள் ஒருத்தி முன்னால் நாக்கு எழாது. என்ன செய்ய!

நாளைக்கு நாலு மணிக்கு அவளைப் பெண் பார்க்க துபாய் மாப்பிள்ளை வருகிறான்.

அறுபத்து இரண்டு. அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு.

"ஏறியாச்சு. ஏன், உள்ள ஏதாவது வெச்சிருந்தீங்களா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்தக் கூப்பாடு?"

டைட்டஸ் எதிரிலிருந்த சாயாக்கடைக்குப் போனான். பழம்பொரியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே போட்டான். மறுபடி அடித்து வைக்கலாமென்றால் அவள் கீபோர்டை விட்டு நகரமாட்டாள். வாயால் சொல்லலாமென்றால் அவள் முன்னால் திறக்காத அதே வாய்தானே. சாயா ஆறிப்போனது.

திரும்பி வந்தபோது வறீதேட்டன் தயாராக இருந்தார்.

"எடா, நாளைக்கு நாலு மணிக்குப் பெண் பார்க்க வர்றது அவளை. உன் மூஞ்சி ஏன் எழவு வீடு மாதிரி இருக்கு? உட்காரு. ஆர்கனைப் போடு."

டைட்டஸ் உட்கார்ந்தான். ஆறையும் நான்கையும் அழுத்தினான்.

திரையில் ஆர்கன் என்று இல்லை.

அதே ஆங்கில எழுத்துகளில் 'வீட்டுக்கு வா' என்று இருந்தது.

கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தான். அதேதான்.

நிமிர்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோஸிலி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மேசையில் இன்னொரு பிளாப்பி. எதையும் ஏற்றுவதற்கு முன்னால், இருப்பதை எடுத்து வைக்கிற பிளாப்பி. அதன் மேல் இன்றைய தேதி, சிவப்பு மையில் ஒரு வரி: அழிக்கக் கூடாது.

"என்னடா, வாசிக்கிறியா, இல்ல நான் வாசிக்கட்டுமா?" என்றார் வறீதேட்டன்.

டைட்டஸ் மறுபடி திரையைப் பார்த்தான். அவளுடைய பதில் ஒன்பது எழுத்திலேயே முடிந்திருந்தது. மிச்சம் கிடந்த ஓர் இடத்தையும் அவள் வீணாக்கவில்லை.

அங்கே '3' என்று இருந்தது.