எச்சரிக்கை

விசாரணை அறையின் கடைசி வரிசையில் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். மருந்து ஏற்றும் இயந்திரத்தைத் தயாரித்த கம்பெனியின் வக்கீல் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கணினி நிரல் ஓடுவதற்கு முன்பே அதிலுள்ள தவறைச் சொல்லிவிடும் கணினி மொழி ஒன்றை உருவாக்கியவர் அவர். மூன்று நோயாளிகளுக்கு அளவுக்கு மீறி மருந்து ஏற்றி உயிரைப் பறித்த இயந்திரத்தின் நிரல் அந்த மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது.

நீதிபதியின் அனுமதியோடு வக்கீல் அவரை முன்னே அழைத்தார்.

“தவறைக் கண்டுபிடிக்கறது உங்க மொழியோட வேலைதானே சார்?”

“கண்டுபிடிச்சுது. கிராமும் மில்லிகிராமும் கலந்திருக்குன்னு எச்சரிக்கை கொடுத்திருக்கு. யாரோ அதை அணைச்சு வச்சிருக்காங்க. விசாரணை அறிக்கையோட கொடுத்த நிரலை முழுசா படிச்சேன்.”

“அணைக்கற வசதியை மொழியில வச்சது யாரு?”

“நான்தான். நிரல் எழுதறவங்க தொந்தரவா இருக்குன்னாங்க. வச்சுக் கொடுத்தேன்.”

வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார். நீதிபதி காகிதங்களைப் புரட்டினார்.

“சாட்சிப் பட்டியல்ல உங்க பேர் இல்லையே. உங்களை யார் வரச் சொன்னது?”

“சாட்சி சொல்ல வரலைங்க. குடும்பத்தாருக்கு அனுப்பின கடிதம் எனக்கும் வந்தது. மூணாவதா இறந்தது என் மனைவி.”

அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

“அந்த மெஷினைப் பார்த்ததும் அவளுக்குப் பயம். ‘இது என் மொழியில எழுதினது, தப்பே வராது, கையை நீட்டு’ன்னு சொன்னேன். நீட்டினா.”