கோட்டுக்குள் இருந்தது

"பயப்பிடாதேங்கோ தம்பி. கோட்டுக்குள்ள ஒரு துவக்கு வைச்சிருக்கிறன்."

வாடகைக்கு விடும் தமிழ்ப் படக் கசற்றுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த ஸ்ரீஸ்கந்தராசாவின் கை அந்தரத்திலேயே நின்றது. அவருடைய கடைதான். அந்த நேரம் உள்ளே வேறு ஒருவரும் இல்லை. வெளியே, தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்ச் மாதத்து வெயிலில், அஜின்கோர்ட் பிளாசா என்ற கடைத்தொகுதியின் கார் தரிப்பிடம் முழுக்க அழுக்குப் பனி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னவர் சண்முகநாதன். நான்கு மாதங்களுக்கு முன் இதே பிளாசாவின் பின்பக்கத்தில் சூடுபட்டுச் செத்துக் கிடந்த பிரவீனனின் தகப்பன். சுட்டது யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. பெடியங்களின் குழுச் சண்டை என்று சனம் பேசிக்கொண்டது.

ஸ்ரீஸ்கந்தராசா வாசலைக் கையால் காட்டினார். குழுச் சண்டைகள் தொடங்கிய காலத்தில் அவரே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிய அறிவித்தல் அங்கே இருந்தது.

"ஆயுதங்களோட உள்ள வரக்கூடாது எண்டு போட்டிருக்கு. பார்க்கேல்லையோ அண்ணை?"

"பார்த்தனான். நான் ஒருத்தரையும் சுட வரேல்லை. உங்களுக்குக் காட்டத்தான் வந்தனான்."

சண்முகநாதன் கோட்டின் ஒரு பக்கத்தை மெல்ல விலக்கினார். உள்பையில் கறுப்புப் பிடி ஒன்று தெரிந்தது.

"இதுதான் என்ர பிள்ளையைச் சுட்ட துவக்கு."

சத்தத்தைக் குறைத்துவிட்டிருந்த தொலைக்காட்சியில் யாரோ ஒரு பெண் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். குரல் வரவில்லை.

"இருக்காது" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"ஏன் இருக்காது?"

"இல்லையண்ணை... பொலிஸ் நாயெல்லாம் கொண்டுவந்து தேடினது. அவங்கட கண்ணில படாதது உங்கட கண்ணில எப்பிடி?"

"பின்னுக்கு, குப்பைத் தொட்டிக்குக் கீழ கிடந்தது. ஸ்னோ கரைஞ்சாப் பிறகுதான் தெரிஞ்சுது." சண்முகநாதன் சிரித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டவே இல்லை. "தலைமாட்டில வைச்சுக்கொண்டுதான் படுக்கிறன், தம்பி. காதைக் கிட்டக் கொண்டுபோனால் ஏதோ சொல்ல வாற மாதிரி இருக்கும். ஆனால் ஆற்றையும் பேரைச் சொல்லுதில்லை."

ஸ்ரீஸ்கந்தராசா ஓர் அடி பின்வாங்கினார். மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டதா?

"உதைக் கொண்டுபோய்ப் பொலிஸிட்டக் குடுங்கோ அண்ணை."

"குடுக்கத்தான் போறன். அதுக்கு முதல் உங்களை ஒண்டு கேக்கவேணும். பிரவீனன் அண்டைக்கு இங்க வந்தவனோ?"

"பொலிஸ் கேட்டபோதே சொல்லிப்போட்டன். வரேல்லை."

"ஓம். அப்பிடித்தான் சொன்னியள்." தூங்கும் குழந்தையைத் தடவுவதுபோலக் கோட்டைத் தடவினார். "கைரேகை இருந்தால் ஆளைப் பிடிச்சிடுவாங்களாம். போட்டு வாறன் தம்பி."

கண்ணாடி வழியே ஸ்ரீஸ்கந்தராசா பார்த்துக்கொண்டே நின்றார். கிழவர் கூனிக்கொண்டு, பக்கத்து வெதுப்பகத்தைத் தாண்டி மறையும்வரை காத்திருந்தார். பிறகு 'மூடியுள்ளது' என்ற அட்டையைத் திருப்பிவிட்டு ஓடினார். கதவைப் பூட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

பின்னறையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். கூரைத் தட்டு ஒன்றைத் தூக்கி உள்ளே கையை விட்டுத் துழாவினார். துவாயில் சுற்றிய பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. இறக்கி அவிழ்த்தார்.

துவக்கு வைத்தபடியே இருந்தது. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"பார்த்து இறங்குங்கோ, தம்பி."

பின்னறை வாசலில் சண்முகநாதன் நின்றார். கோட்டுக்குள் இருந்ததை எடுத்து மேசையில் போட்டார். பிளாஸ்ரிக் சத்தம் கேட்டது.

"டொலர் கடையில வாங்கின விளையாட்டுச் சாமான். இந்தப் பிளாசாவில இருக்கிற கடையெல்லாத்திலயும் காட்டிப்போட்டுத்தான் இங்க வந்தனான். எல்லாரும் பயந்தவை, கத்தினவை. 'இருக்காது' எண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான்."

ஸ்ரீஸ்கந்தராசாவின் கையில் இருந்த துவக்கு கிழவரின் நெஞ்சுக்கு நேரே நின்றது. கிழவர் அசையவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ஸ்ரீஸ்கந்தராசா துவக்கைத் தாழ்த்தினார். இறங்கி, கதிரையிலேயே குந்தினார். துவக்கு நழுவி நிலத்தில் விழுந்தது.

"கடையை உடைக்க வருவாங்கள் எண்ட பயத்திலதான் அண்ணை, சுவெற்றருக்குள்ள இந்தத் துவக்கை மறைச்சு வைச்சிருந்தனான். அண்டைக்குக் கடை பூட்டினாப் பிறகு பின்கதவில ஆரோ தட்டினது கேட்டுது. திறந்தால் இருட்டு. மழைக்குத் தலையை மூடியிருந்தவன், முகம் தெரியேல்லை. ஒண்டும் கதைக்காமல் கோட்டுக்குள்ள கையை விட்டவன். துவக்கு எடுக்கிறான் எண்டு நினைச்சுச் சுட்டுப்போட்டன். அவன்ர கையில இருந்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான்..."



"உங்கட கசற்" என்றார் சண்முகநாதன். "திருப்பிக் குடுக்க வெளிக்கிட்டவன். மழையில நனைஞ்சுபோடும் எண்டு நான்தான் தம்பி, அதை அவன்ர கோட்டுக்குள்ள வைச்சுவிட்டனான்."