பூட்டில்லாத வீடு

வெளியுலகம் சரியப்போகிறது என்று முதன்முதலில் சொன்னவர் அண்ணன்தான். இன்று தன் உலகமே சரிந்தாற்போல், குளியலறைச் சாக்கடைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே தேடுறீங்க?" வாசலில் தோட்ட வேலை பார்க்கிறவர்.

"கண்ணாடி."

"அது மூக்கு மேலயே இருக்கே! வேற எதையாவது தொலைச்சிட்டீங்களா?" கேட்கும்போதே தோட்டக்காரரின் கை ஒருமுறை தன் இடுப்பைத் தடவிக்கொண்டது. வெயில் காலம், வியர்க்குருவாக இருக்கும்.

அண்ணன் தொலைத்தது சாவி. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? உலகம் அழிவதே பூட்டுகளால்தான் என்று புத்தகம் எழுதி, இருபது குடும்பங்களை இந்த ஒரே வீட்டுக்கு அழைத்து வந்தவர் அவர். இங்கே எல்லாம் பொது. பூட்டு வைத்திருப்பவர் அன்றே மூட்டை கட்ட வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

அவர் கட்டிலுக்கடியில் பூட்டிய தகரப் பெட்டி ஒன்று. அழிவு நாளில் ஒருவருக்கு மட்டும் தாங்கும் அளவுக்கு பிஸ்கட்டும் சர்க்கரையும்.

தலைவர் என்று இங்கே யாரும் கிடையாது. அதனால் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டார்கள்; அவர் இருமினால்கூட எழுந்து நின்றார்கள்.

மாலைக் கூட்டத்தில் சமையல் பார்க்கும் அக்கா கையைத் தூக்கிக் காட்டினாள். விரல் நுனியில் சாவி.

"பொதுச் சர்க்கரை டின்னுக்குள்ள கிடந்துச்சு. குனிஞ்சு அள்ளுறப்போ விழுந்திருக்கும். யாரோடதுன்னு மரியாதையாச் சொல்லிடுங்க."

அண்ணன் ஒத்துக்கொண்டுவிடலாம் என்று எழப் பார்த்தார், எழவில்லை. மடியில் கை வைத்தபடி கல்லாய் உட்கார்ந்திருந்தார்.

கூடத்தில் ஏதோ சலசலத்தது. தையல்காரரின் கை பின் பாக்கெட்டுக்குப் போனது. கணக்கு வாத்தியாரின் கை பனியனுக்குள். அவர் மனைவியின் கை கழுத்துச் சங்கிலிக்கு. சாவியைப் பிடித்திருந்த அக்காவின் மறு கைகூட இடுப்புச் செருகலைத் தொட்டுப் பார்த்தது.

தொட்ட கைகள் தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தோட்டக்காரர்தான் முதலில் உடைந்தார். அழுதபடி ஓடி வந்து அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் கூனிக்குறுகித் தலை கவிழ்ந்தார்.

"உங்க கை ஒண்ணுதாண்ணே அசையல!"