பெரிய மேஸ்திரி அளந்த வாசல்

யாரோ விட்டுப்போன கட்டுமான எந்திரங்கள் அந்தக் கிரகத்தில் மலை மலையாக நின்றன. புழுதிப் புயல் குடியிருப்பைத் தரைமட்டமாக்கும்போதெல்லாம் அவை எழுந்து வந்து, ஆதியில் அளந்த அளவு பிசகாமல் வீடுகளைத் திரும்பக் கட்டின. சனங்கள் அவற்றைப் பெரிய மேஸ்திரி என்றார்கள். அளக்கும்போது வீட்டில் யாரும் இருக்கக் கூடாதென்பது கட்டுப்பாடு. கோமளவல்லியின் கணவர் தணிகாசலம் மட்டும், டீயைக் குடித்துவிட்டு வருகிறேன் என்று வாசல் நிலையில் சாய்ந்து நின்றுவிட்டார். மேஸ்திரி அவரையும் சுவரோடு சேர்த்து அளந்துகொண்டது.

அதன்பின் பல காலம் வாழ்ந்த அவர் இறந்து பதினோரு வருடமாகிறது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வாசலில் அவர் கல்லாக எழுந்து நின்றார், கையில் டம்ளரோடு. அந்த முழங்கையில் இடித்துக்கொள்ளாமல் அவள் ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஈரத்துண்டை உலர்த்துவதும் அந்தத் தோளில்தான்.

மேஸ்திரியின் கண் மங்கி வருவதால் கடைசியாக ஒருமுறை எல்லா வீட்டையும் அளக்கப்போகிறார்கள். அளவுக்காரர் எபிநேசர் வந்து நின்றார்.

“இந்தக் கல்லை எடுத்துரலாமாம்மா? வழிய அடைச்சிட்டு நிக்குது.”

“உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான் நின்னாரு. இருக்கட்டும்.”

“சரி, நீங்க வெளிய வந்துருங்க. பழைய தப்பு மறுபடி நடக்கக் கூடாது.”

தெருக்கோடியில் மேஸ்திரி குனிந்தது. அதன் நிழல் கூரை கூரையாக ஏறி வந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். ஒரு டம்ளர் டீயோடு வாசலுக்கு வந்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள், அந்தக் கல்தோளோடு ஒட்டி நின்றபடி.