மேலே பறக்கவேண்டிய முடி

"ஒண்டையும் திருத்தப் போகாத புள்ள," என்று மகளின் காதுக்குள் சொல்லிவிட்டு, திரேசம்மா தேத்தண்ணித் தட்டோடு உள்ளே போனாள்.

முற்றத்தில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் மதுஷா. மற்றதில் பெண் பார்க்க வந்த ஜெராட். பின்னால் வேலி, வேலிக்கு அப்பால் வாவி. பத்து நிமிடம் தனியாகக் கதைக்க இரண்டு வீட்டாரும் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

மதுஷா உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். பிழை என்று ஒன்று காதில் விழுந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

போன வருடம் வந்த கொழும்பு மாப்பிள்ளை, "உங்க வாவியில மீன் பாடுமாமே" என்று ஆசையாகத்தான் கேட்டார். பாடுவது மீனா சிப்பியா என்று இன்னும் முடிவாகவில்லை எனத் தொடங்கியவள், அவர் பாதிக் கட்லட்டை வைத்துவிட்டு எழும்பும்வரை நிறுத்தவில்லை. அதற்கு முதல் வந்தவர் பூரணை நிலவைப் பற்றி ஏதோ சொல்லி மாட்டிக்கொண்டார்.

இவரும் போய்விட்டால் இனி யாரிடமும் கேட்டு அலையமாட்டேன் என்று திரேசம்மா சொல்லிவிட்டாள். அதைவிட, மதுஷாவுக்கே களைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் ஒரு துணை கிடைக்கும் என்றால் மூடிக்கொண்டிருப்போம் என்று காலையில் முடிவெடுத்திருந்தாள். எப்போதும் இறுக்கிக் கட்டும் தலைமுடியைக்கூட அம்மா சொன்னபடி விரித்து விட்டிருந்தாள். வாவிக் காற்றுக்கு அது முகத்தில் வந்து விழுந்தது. ஒதுக்கி ஒதுக்கிக் கை நொந்தது.

ஜெராட் வாழைச்சேனைப் பக்கம். கொம்பியூட்டர் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அதில் என்ன வேலை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவன் வாவியைப் பார்த்தான். முன்னால் தட்டில் இருந்த கட்லட்டைப் பார்த்தான். கடைசியில், "நீங்க அனிமே பாக்கிறீங்களா?" என்றான்.

மதுஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த ஜப்பான் கார்ட்டூன் கதைகள் இல்லாவிட்டால் அவளுக்குச் சனிக்கிழமை போகாது. அவன் ஒரு தொடரின் பெயரைச் சொன்னான்; அதை அவள் இரண்டு தரம் பார்த்திருந்தாள். மேகத்துக்கு மேல் மிதக்கும் ஒரு நகரம். அங்கிருந்து தவறி விழும் பெண்ணை, பின்னால் குதிக்கும் பையன் நடு வானத்தில் பிடிக்கிறான்.

"அந்த விழுற காட்சி எப்பிடி?"

"நல்லம்," என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா ஜன்னலில் நிற்கிறாளா என்று பார்த்தாள். இல்லை.

அவ்வளவுதான். அணை உடைந்துவிட்டது.

அத்தனை நேரம் விழுந்துகொண்டே கதைக்க வானம் காணாது என்றாள். அந்தக் காற்று இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது என்றாள். பிந்திக் குதித்தவன் முந்தி விழுந்தவளை எப்படிப் பிடிப்பான், இரண்டு பேரையும் பூமி ஒரே மாதிரித்தானே இழுக்கிறது என்றாள்.

"தலைகீழாப் போனா பிடிக்கலாம். காத்து தடுக்கிறது குறையும்தானே," என்றான் ஜெராட்.

மதுஷா நிறுத்தினாள். சரிதான். காற்றைப் பற்றி அவ்வளவு கதைத்தவள் அதன் தடையைக் கணக்கில் எடுக்க மறந்துபோனாள். இந்த முற்றத்தில் அவளை ஒருவர் திருத்துவது இதுதான் முதல் தரம். கோபம் வரவில்லை. சிரிப்பை அடக்க முடியாத அளவுக்குச் சந்தோஷம் வந்தது.

"சரி, அதை விடுவம். மறுகா அந்த முடி?" என்றாள். "அவள் நிண்ட வாக்கில விழுறாள். காத்து கீழ இருந்து வருது. முடி மேல பறக்கணும். அவன் கையப் பிடிச்ச உடன அது கீழ வந்து முகத்த மூடுது. பச்சைப் பிழை."

ஜெராட்டின் முகம் வாடியது. மதுஷா அதைக் கண்டாள். போச்சு, இவனும் எழும்பப் போகிறான். எழும்பினால் எழும்பட்டும், மிச்சத்தையும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள்.

"ஆனா, அந்த இடத்திலதான் நான் அழுதன். ரெண்டு தரமும். பிழை எண்டு தெரிஞ்சுகொண்டே அழுதன். ஏன் எண்டு இன்னும் விளங்கல்ல."

அவன் வாவிப் பக்கம் திரும்பினான். வாவியில் யாரோ வலை வீசும் சத்தம் கேட்டது.

"முதல் மேல பறக்கிற மாதிரித்தான் கீறினன்," என்றான். "அப்பிடிக் கீறினா அவள் அழுற முகம் அப்பிடியே தெரியுது. பாவமா இருந்திச்சு. கொஞ்சம் மறைச்சு விடுவமா எண்டு கேட்டன். ஓம் எண்டிட்டாங்க."

கொம்பியூட்டர் வேலை என்றால் என்ன வேலை என்று மதுஷாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவில் வரும் படங்களை, வாழைச்சேனையில் ஓர் அறைக்குள் இருந்து கீறி, ஜப்பானுக்கு அனுப்புகிறவன் இவன்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. அதற்குள் கண் நிறைந்துவிட்டது. அதை அவன் பார்த்துவிடுவான் என்று கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்தாள். காற்று முடியைக் கொண்டுவந்து முகத்தில் போட்டது.

இந்தத் தரம் அவள் அதை ஒதுக்கவில்லை.

பத்து நிமிடம் முடிந்ததென்று எட்டிப் பார்த்த திரேசம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் தலை குனிந்து, முகம் தெரியாமல், ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறாள். மாப்பிள்ளை எழும்பும் எண்ணமே இல்லாமல் பக்கத்தில் இருக்கிறார்.

"மாதாவே, ஒருவழியா சொல்வழி கேட்டிட்டாள்," என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், அடுத்த தட்டுக் கட்லட்டைப் பொரிக்கத் தொடங்கினாள்.