முதல் குத்து

நெஞ்சில் வேல் இறங்கிய பிறகும் காட்டுப்பன்றி நிற்கவில்லை. வேல்கம்பு தன்னை ஊடுருவிப் போகப் போக முன்னேறி வந்து, கம்பைப் பிடித்திருந்த ஒச்சப்பனின் தொடையில் கோரைப்பல்லை ஏற்றியது. பக்கவாட்டிலிருந்து அவன் மச்சினன் சுருளி குத்திய இரண்டாவது வேலில்தான் அதன் உயிர் போனது. செத்த பன்றியின் பல் தொடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

“உருவிடாத மாப்ள. இதுதான் ரத்தத்த அடைச்சிக்கிட்டு இருக்கு” என்றான் ஒச்சப்பன்.

அலறல் கேட்டு வந்த மற்ற வேட்டைக்காரர்கள், கட்டில் கொண்டுவர ஊருக்கு ஓடினார்கள். பன்றியோடு சேர்த்து அவனைத் தூக்க முடியாது. சுருளி அரிவாளால் அதன் கழுத்தை அறுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒச்சப்பன் துடித்தான். முண்டம் சரிவில் உருண்டது. தலை அவன் மடியிலேயே கிடந்தது. அதன் திறந்த கண்ணில் ஈ உட்கார்ந்தது.

முதல் குத்து யாருடையதோ, தலை அவனுக்கு. அதுதான் அவர்கள் வேட்டையில் கட்டுப்பாடு. தலை கிடைத்தவன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவழியே நடப்பான். சுருளி ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை.

அவன் கைகளைப் புல்லில் துடைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இன்னொரு கோரைப்பல்லைப் பிடித்தான்.

“முத குத்து யாருது மச்சான்?”

பிடி இறுகியது. தொடைக்குள் பல் அசைந்தது. ஓரத்தில் ரத்தம் சூடாக வழிந்தது. ஆட்கள் வரும் சத்தம் இன்னும் கேட்கவில்லை. ‘ஒன்னுதுதான்’ என்று சொல்லத்தான் ஒச்சப்பன் வாயைத் திறந்தான்.

“என்னுதுடா” என்றான்.