தாங்குகிற செயின்

புளியமரத்தைச் சாய்த்தாயிற்று. மண்ணில் புதைந்த அடிக்கட்டை மட்டும் பாக்கி. ரம்ப மெஷினுக்கு இரண்டு செயின்கள். ஒன்றுக்குக் கூர்ப்பல், வேகமாக அறுக்கும். இன்னொன்றுக்கு உருண்டைப்பல், மெதுவாகத்தான் அறுக்கும், ஆனால் மண் பட்டால் சட்டென்று மழுங்காது.

"என்னை மாட்டினா நொடியில முடிச்சிடுவேன்" என்றது கூர்ப்பல்.

"சுத்தியும் மண்ணு, கல்லு. நீ தாங்கமாட்டே" என்றது உருண்டைப்பல்.

மரம் வெட்டும் செல்லத்துரைக்கு அவசரம். மண்ணை ஒதுக்காமலே கூர்ப்பல்லை மாட்டினார். கல்லில் பட்டுப் பொறி பறந்தது. பல்லெல்லாம் மழுங்கிவிட்டது.

"ஐயோ, நல்ல செயின் போச்சே!" என்று பதறியவர், அதைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொரு பல்லுக்கும் அரம் போட்டு, எண்ணெயில் ஊறவைத்தார். அப்புறம்தான் உருண்டைப்பல்லை மாட்டினார். அது மண்ணையும் கல்லையும் கடித்துக்கொண்டே சாயங்காலம்வரை அறுத்துக் கட்டையை முடித்தது. அதை மண்ணோடு கழற்றி மூலையில் வீசிவிட்டு வீட்டுக்குப் போனார்.

"எனக்கும் பல் தேஞ்சிருக்கு. காலையில அரம் போடுவாரா?" என்று உருண்டைப்பல் மெஷினைக் கேட்டது.

"நாளைக்கும் அடிக்கட்டைதான்" என்றது மெஷின். "உனக்கெதுக்கு அரம்? நீதான் எதையும் தாங்குவியே."